மத்தியானத்துக்கு மேல் வைத்த நெருப்பு

எங்கள் குடியிருப்புக்கும் குப்பத்துக்கும் நடுவில் ஒரு சவுக்குத்தோப்பு. தோப்புக்குக் கிழக்கே, கடல் ஓரமாகக் குப்பம். மேற்கே, ஏரி ஓரமாக நாங்கள். அவர்களுக்குப் படகும் வலையும் உண்டு. எங்களுக்குக் கையும் பறியும்தான். பறி என்பது பனையோலையில் பின்னிய சின்னக் கூடை. அதை வாயில் கவ்விக்கொண்டு ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்போம். என் அம்மா அப்படித்தான் பிடிப்பாள். நான் பொன்னேரிக்குக் கல்லூரி போய்வந்த காலத்திலும் லீவு நாளில் அவளோடு இறங்கியிருக்கிறேன்.

கல்லூரிக்கு நான் தனியாகப் போகவில்லை. குப்பத்துத் தலைவரின் மகளும் என்னோடு வந்தாள். காலையில் ஒரே படகில் ஏரியைக் கடப்போம். பிறகு பஸ். அவள் எப்போதும் ஜன்னல் ஓரம் உட்காருவாள், பாதி வழியில் எழுந்து எனக்கு இடம் கொடுப்பாள். அவள் வீட்டுக்கு நான் போனால் வாசலோடு நின்றுவிடுவேன். அங்கே யாரும் என்னை உள்ளே கூப்பிட்டதில்லை. அவள் எங்கள் குடிசைக்கு வந்தால் நேராக அடுப்பங்கரைக்குப் போய், அம்மா வைத்த நண்டுக் குழம்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவள் மாதிரி இன்னொருத்தி எனக்குக் கிடைக்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

படிப்பு முடிந்து இரண்டு பேரும் வேலைக்குக் காத்திருந்த கோடையில் தோப்பு எரிந்தது. சவுக்குச் சருகு கீழே மெத்தை மாதிரி கிடக்கும். சித்திரையில் அது காய்ந்து, ஒரு பீடித் துண்டு விழுந்தாலே பற்றிக்கொள்ளும். அன்று குப்பத்தில் வலைக் கொட்டகைகள் போயின. எங்கள் பக்கம் கடைசி வரிசைக் குடிசைகள் போயின. இரண்டு பக்கமும் அழுத பிறகுதான் இரண்டு பக்கத்துக்கும் பேச்சு வந்தது.

வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து சொல்லிக் கொடுத்தார். தோப்பின் இரண்டு ஓரத்திலும், ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குச் சருகையும் புல்லையும் வாரி எடுத்துவிட்டு வெறும் மணலாக விட வேண்டும். தீ வந்தால் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். அங்கங்கே ஊற்றுத் தோண்டி வைக்க வேண்டும். பெரிய தீயாக இருந்தால், கோட்டின் ஓரத்தில் நாமே நெருப்பு வைத்து, வருகிற தீக்கு எதிராக அதை உள்ளே அனுப்பலாம். இரண்டும் நடுவில் சந்தித்தால் எரிவதற்கு ஒன்றும் இல்லாமல் அணைந்துபோகும். அதற்கு எதிர்த்தீ என்று பெயர் என்றார்.

இதைக் கேட்டதும் என் அம்மா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"காலையில மேல்காத்து அடிக்கசொல்ல வெச்சா சரி. மத்தியானத்துக்கு மேல கடல்காத்து எறங்கிடும். அப்போ உங்க கோட்டுல நெருப்பு வெச்சா அது எங்க கூரைக்குத்தான் வரும். அதுக்கு இன்னா சொல்றீங்க?"

குப்பத்துக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். தலைவர் கையைக் காட்டி அவர்களை அடக்கினார். உயரமான மனிதர், நிதானமாகப் பேசுவார். "அம்மா கேக்கறது ஞாயம்தான். மத்தியானத்துக்கு மேல எங்க ஆளுங்க யாரும் நெருப்பு வெக்க மாட்டாங்க. காலையில வெக்கறதா இருந்தாலும் உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் வெப்போம். உங்க ஆளு ஒருத்தர் பக்கத்துல நிப்பாரு" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. அம்மன் கோயிலுக்குள் எங்களுக்கு அனுமதி கிடையாது என்பதால், கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டோம். ஒரே தட்டில் அவர்கள் கையும் எங்கள் கையும் பட்டது அதுதான் முதல் தடவை. அம்மா வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். பிறகு, "பெரிய மனுசன்தான்" என்றாள்.

யார் யாருக்குச் சொல்வது என்றும் அன்றே முடிவானது. குப்பத்தில் எது நடந்தாலும் தலைவரின் மகள் எனக்குப் போன் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் எது நடந்தாலும் நான் அவளுக்கு. எங்களைவிடப் பொருத்தமான ஆள் யாரும் இல்லை என்று தலைவரே சொன்னார்.

மாசி பிறந்ததும் வேலை தொடங்கியது. விடிந்து வெயில் ஏறும்வரை சருகு வாரும் வாரியும் மண்வெட்டியுமாக இரண்டு பக்கத்துப் பெண்களும் தோப்பில் நின்றோம். அவர்கள் கோட்டையும் எங்கள் கோட்டையும் சேர்ந்தே சுத்தம் செய்தோம். ஆண்கள் காய்ந்த மிலாற்றை, சவுக்கின் மெல்லிய கிளைகளை, வெட்டிக் கட்டினார்கள். முதல் வாரம் அவர்கள் தண்ணீர்க் குடம் ஒரு மரத்தடியில், எங்கள் குடம் இன்னொரு மரத்தடியில். அவள் நேராக எங்கள் குடத்துக்கு வந்து மொண்டு குடிப்பாள். பங்குனியில் வெயில் கொளுத்த ஆரம்பித்ததும் அவர்கள் பெண்களும் எந்தக் குடம் கிட்டே இருந்ததோ அதிலேயே குடித்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே வாருவேன். கை கொப்பளித்திருக்கும், வலி தெரியாது.

அந்தக் கோடையில் தோப்பில் சின்னச் சின்னதாகத் தீப்பிடித்தது. ஒவ்வொரு தடவையும் கோட்டோடு நின்றது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. குப்பத்தில் திருவிழா நடந்தபோது எங்களையும் வந்து சாப்பிடச் சொன்னார்கள். பந்தலுக்கு வெளியேதான் இலை போட்டார்கள், ஆனாலும் போட்டார்கள். எல்லாம் மாறிக்கொண்டு வருகிறது என்று நான் நம்பினேன். என் வயதில் யாரும் நம்புவார்கள்.

மூன்றாவது கோடையில் அது நடந்தது.

காலை, ஏரியில் இறங்கத் தயாராகும் நேரம், தோப்பின் தெற்குக் கோடியில் புகை தெரிந்தது. நான் அவளுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "பாத்துட்டேண்டி. நைனா ஆளுங்கள கூப்ட்டுக்கினு கீறாரு. நீங்களும் வாங்க" என்றாள். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடித்தது. தீ குப்பத்தைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு அப்போது ஆபத்து இல்லை. ஆனாலும் எங்கள் ஆண்கள் பெண்கள் எல்லோரும் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு தெற்கே ஓடினோம். பிள்ளைகளையும் நடக்க முடியாதவர்களையும் பார்த்துக்கொள்ள என் அம்மாவும் இன்னும் சில பெண்களும் மட்டும் குடியிருப்பில் நின்றார்கள். எங்கள் கோட்டைக் காவல் காக்க ஒருவரும் இல்லை. காக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தீ எங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்ததால்.

அவர்கள் ஆண்களும் நாங்களும் தோளோடு தோள் நின்று அடித்தோம். புகையில் யார் முகமும் தெரியவில்லை. ஒரு குப்பத்துக்காரர் மயங்கி விழப் பார்த்தபோது எங்கள் சித்தப்பா அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றங்கரையில் போட்டார். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் குப்பத்து ஆண்கள் ஒவ்வொருவராகக் குறைவதைக் கவனித்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு காற்று நின்றது. கொஞ்ச நேரம் இலைகூட அசையவில்லை. நெற்றியில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. கடல்காற்று. எங்கள் எதிரில் தெற்குத் தீ ஏறக்குறைய அடங்கிவிட்டிருந்தது. அப்பாடா என்று கிளையைக் கீழே போட்டவள் தற்செயலாக வடக்கே திரும்பினேன். அங்கே, காலையில் தீயே இல்லாத இடத்தில், குப்பத்துக் கோடு நெடுகப் புகை எழுந்துகொண்டிருந்தது. எங்கள் குடியிருப்புக்கு நேர் எதிரில்.

ஓடினேன். தோப்பின் திருப்பத்தில் குப்பத்து ஆண்களைப் பார்த்தேன். தெற்குத் தீ வடக்கே பரவி மறுபடி வலைக் கொட்டகைக்கு வந்துவிடுமோ என்று பயந்து, காய்ந்த பனையோலையைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டின் ஓரமாகச் சருகில் நெருப்பு வைத்துக்கொண்டே போனார்கள். தலைவர் முன்னால் நின்று, "இன்னும் வடக்க, இன்னும் வடக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் கோட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். அவர்களில் அவளும் இருந்தாள். ஒரு கையில் குடம், இன்னொரு கையில் போன்.

என்னைப் பார்த்தாள். எங்களுக்கு நடுவில் அதிக தூரம் இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தோப்புக்குள் நுழைய முடியாமல் மணலில் சுற்றிக்கொண்டு ஓடினேன். எங்கள் ஆட்கள் பின்னால் ஓடி வந்தார்கள். கடல்காற்று தீயைத் தள்ளிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனது. எங்கள் கோட்டுக்கு வந்ததும் கீழே தீ நின்றது. அந்தக் கோட்டை நாங்கள் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தோம். ஆனால் ஓரத்துப் பனைமரத்தில் தொங்கிய காய்ந்த மட்டைகள் பற்றி, கங்கு காற்றில் பறந்து கூரைமேல் விழுந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் கூரையெல்லாம் நனைத்து வைத்திருப்போம். அதற்காகத்தான் குடங்களை நிரப்பி வரிசையாக வைத்திருந்தோம். நிரப்பிய குடங்கள் அப்படியே இருந்தன.

அம்மா பிள்ளைகளையெல்லாம் ஏரிக்குள் இறக்கியிருந்தாள். நடக்க முடியாத ஒரு பெரியவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் தண்ணீரில் நின்றுகொண்டு, வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை. கட்டியிருந்த ஆடுகளை அவிழ்க்க அம்மா மறுபடி கரையேறியிருக்கிறாள். ஒன்றை அவிழ்த்திருக்கிறாள், மற்றவை முடியவில்லை. அவள் வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. அந்தக் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு என்னிடம், "அந்தப் பொண்ணு போன் பண்லியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"ஒருவேள டவர் இல்லியோ இன்னாவோ" என்றாள்.

குப்பத்துக் கோட்டில் நின்ற என் தோழியின் கையில் போன் இருந்ததை நான் அம்மாவிடம் அன்று சொல்லவில்லை. சொன்னால் கை இன்னும் வலிக்கும் என்று தோன்றியது.

சில நாட்கள் கழித்து விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். கோயில் முன்னால், அதே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். நாங்கள் எரிந்த துணி நாற்றத்தோடு தரையில் உட்கார்ந்தோம். தலைவர் கைகட்டி நின்று சொன்னார்:

"இவங்க ஜனம் எலி பிடிக்க வளையில பொகை போடுவாங்க சார். அன்னைக்கும் தோப்புல போட்டிருக்காங்க. அதான் பத்திக்கிச்சி. நாங்க எல்லாரும் சேந்து அணைச்சோம். பாவம், அவங்க வூடே போயிடுச்சி."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தெற்குக் கோடியில் மூன்று கல் அடுப்பும், கரிந்த பிரியாணிப் பொட்டலத் தாளும், உடைந்த பாட்டில்களும் கிடந்தன. கடலைப் பார்க்க வந்த எவரோ அங்கே சமைத்திருக்கிறார்கள். அது யார் என்று இன்றைக்கும் தெரியாது. நான் எழுந்து அதைச் சொன்னேன். பிறகு, "தெக்கால பிடிச்ச தீ எங்க பக்கம் வரவே இல்ல சார். இவங்க மத்தியானத்துக்கு மேல அவங்க கோட்டுல நெருப்பு வெச்சாங்க. அதுதான் வந்துச்சி. நான் பார்த்தேன்" என்றேன்.

அதிகாரி தலைவரைப் பார்த்தார். "எதிர்த்தீ வெச்சீங்களா?"

"இல்ல சார்."

அவர் குப்பத்து ஆண்களைப் பார்த்தார். எல்லோரும் இல்லை என்றார்கள். எங்கள் சித்தப்பா ஊற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனாரே, அந்தக் குப்பத்துக்காரரும் இல்லை என்றார். நான் கூட்டத்தில் நின்ற தலைவரின் மகளைக் கைகாட்டி, "அவளக் கேளுங்க சார். அவ அங்கதான் நின்னா" என்றேன். எனக்கு அந்த நிமிஷத்திலும் நம்பிக்கை இருந்தது. ஊர் முழுக்கப் பொய் சொன்னாலும் அவளால் என் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

"நீ பாத்தியாம்மா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வூட்ல இருந்தேன் சார். எனக்கு எதுவும் தெரியாது" என்றாள்.

அதிகாரி எழுந்து போனார். தீ எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை என்பதோடு அது முடிந்தது. குப்பத்திலிருந்து அரிசியும் பழைய துணியும் மூட்டை கட்டி அனுப்பினார்கள். எங்கள் பெண்கள் சிலர் வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை. வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி இல்லாத நேரம் அது. அம்மா வெந்த கையைத் துணியில் சுற்றித் தோளில் கட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும் ஏரியைத் தடவினாள். ஒரு கையால் இறால் அகப்படாது. அவள் போனது பிடிப்பதற்காக இல்லை என்று பிறகு எனக்குப் புரிந்தது. தார்ப்பாய்க் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

தலைவரின் மகள் எனக்குப் போன் செய்தாள், பல தடவை. நான் எடுக்கவில்லை. எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, அவள் யார் பக்கம் நிற்பாள் என்பதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்ற வெட்கம்.

அடுத்த மாசியில் கோயில் மைக் செட்டில் அறிவித்தார்கள். தோப்பில் கோடு வெட்டப் போகிறோம், எல்லோரும் வரவும், அந்தப் பக்கத்துக்காரர்களும் வரவும். எங்கள் ஆட்கள் ஏரிக்கரையில் கூடிப் பேசினார்கள். போகக் கூடாது என்றார்கள் ஆண்கள். கோடு இல்லாவிட்டால் மறுபடி எரிவதும் நாம்தானே என்றாள் ஒரு அக்கா. இரண்டும் சரிதான் என்பதால் யாராலும் முடிவு சொல்ல முடியவில்லை. கடைசியில் அம்மா சொன்னாள்: "நம்ம கோட்ட நம்ம வெட்டிக்கலாம். இன்னும் அகலமா. பனமட்டையெல்லாம் கழிச்சிடலாம். அவங்க கோட்டுக்கு நாம போவ வேணாம். அவங்களும் நம்ம கோட்டுக்கு வர வேணாம்."

அப்படியே செய்தோம். ஆள் பாதியாகிவிட்டதால் வேலை இரண்டு மடங்காக நீண்டது. ஆண்கள் பனையேறி மட்டையை வெட்டித் தள்ள, நாங்கள் இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் போட்டோம். தோப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் வாரும் சத்தம் கேட்கும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

ஒருநாள் காலையில் அவள் எங்கள் கோட்டுக்கு வந்தாள். கையில் வாரி இருந்தது. எங்கள் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனேன்.

"இன்னாத்துக்கு வந்த?"

"வேலை செய்யத்தான்."

"அன்னைக்கு ஏன் போன் பண்ல?"

அவள் நிறைய யோசித்துக்கொண்டு வந்திருப்பாள் போலிருக்கிறது, உடனே சொன்னாள். "நைனா வேணாம்னாரு. நீங்க வந்தா சண்ட போட்டு நிறுத்திடுவீங்க, அதுக்குள்ள கொட்டகை போயிடும்னாரு. கடல்காத்து இன்னும் நேரம் கழிச்சித்தான் வரும்னாரு."

"நீ நம்பினியா?"

அவள் வாரியை மணலில் ஊன்றினாள்.

"நீ கடலோரத்துல பொறந்தவ. கடல்காத்து எப்போ எறங்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள். பிறகு, "எங்க அண்ணன் புதுசா வாங்கின வல கொட்டகையில இருந்துச்சி" என்றாள்.

அவள் அதை மறைக்காமல் சொன்னதற்காக இன்றும் அவள்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. வேறு ஏதாவது காரணம் சொல்லியிருந்தால், பயம், கட்டாயம் என்று சொல்லியிருந்தால், நான் ஒருவேளை ஏற்றுக்கொண்டு, மறுபடி அவளோடு பேச ஆரம்பித்திருப்பேன். அவள் உண்மையைச் சொன்னாள். ஒரு பக்கம் வலை, ஒரு பக்கம் நாங்கள். யோசிக்க நேரம் இருந்தது. அவள் யோசித்தாள்.

"விசாரணையில சொல்லியிருக்கலாமே. அப்போ வலை எரியலியே" என்றேன்.

அவள் அழுதாள். நான் சும்மா நின்றேன். அழுது முடித்ததும், "நான் வாரட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம். போ."

போகிற வழியில் என் அம்மாவைக் கடந்துதான் அவள் போக வேண்டியிருந்தது. அம்மா வாருவதை நிறுத்தினாள். அம்மாவின் தழும்பேறி மடங்கிப்போன விரல்களை அவள் பார்த்துவிட்டாள். "அத்த" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அம்மா, "வெயில் ஏறிடுச்சி, பாத்துப் போம்மா" என்றாள். மறுபடி வார ஆரம்பித்தாள்.

அவளுக்கு அந்த வருஷமே ஆரம்பாக்கம் பக்கம் கல்யாணம் ஆனது. பத்திரிகை வந்தது, நாங்கள் போகவில்லை. எனக்கு மீஞ்சூரில் வேலை கிடைத்தது, அங்கே அறை எடுத்துத் தங்கினேன். மாசி பிறந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வந்துவிடுவேன். எங்கள் கோடு இப்போது முன்பைவிட அகலம். கூரைகள் தகரமாகிவிட்டன. கோடையில் ஒருவர் மாற்றி ஒருவர் கோட்டிலேயே நிற்கிறார்கள், தீ எந்தத் திசையில் இருந்தாலும் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. போன வருஷம் தெற்கே புகை வந்தபோது, குப்பத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் கூரையை நனைத்துவிட்டுக் கோட்டில் வரிசையாக நின்றுகொண்டார்கள். ஒருவரும் போகவில்லை. அவர்களே அணைத்துக்கொண்டார்கள். நானும் அந்த வரிசையில் நின்றேன். புகைக்குள் அவர்கள் இருமுவது கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இல்லை, ஆனால் கால் நகரவும் இல்லை.